லொறி ஓடுவது வடக்கில், உரிமை இருப்பது கொழும்பில்: இறக்குமதிக் கதவு திறந்தபின் எங்கள் சக்கரங்கள் யாருடையவை?

2020 மார்ச் மாதத்தில் மூடப்பட்ட வாகன இறக்குமதிக் கதவு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின் 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. ஊடகங்கள் பெரும்பாலும் கார்களைப் பற்றியே பேசின. ஆனால் வடக்கு கிழக்கைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி கார் அல்ல, லொறி. எங்கள் வெங்காயத்தையும் மீனையும் நெல்லையும் தெற்குக்குக் கொண்டுபோவது யாருடைய லொறி? வயலுக்கு வயல் அறுவடை இயந்திரத்தைச் சுமந்து செல்வது யாருடைய வாகனம்? கிளிநொச்சியில் ஒரு இளைஞன் காணி உறுதியை ஈடுவைத்து ஒரு லொறி வாங்கினால், ஐந்து வருடத்தின் பின் அது அவனிடம் இருக்குமா?

இந்தக் கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் வடக்கில் எழுதப்படுவதில்லை. கொழும்பு ஹெவ்லொக் டவுனிலிருந்து சற்றுத் தூரத்தில், நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இருக்கிறது. நிதி நிறுவனங்களின் தலைமையகங்களும் இறக்குமதியாளர்களின் காட்சியறைகளும் இந்த நகரத்திலேயே உள்ளன. பழைய வெள்ளவத்தை நூல் ஆலை இருந்த நிலத்தில் இன்று உயர்ந்து நிற்கும் அடுக்குமாடிகளிலும், சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் வாழும் எங்கள் ஆட்கள் பலர், ஊரிலுள்ள தம்பிக்கோ மருமகனுக்கோ "ஒரு லொறி பார்த்துத் தா" என்ற தொலைபேசி அழைப்பை அறிவார்கள். ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வரும் பணமும் பெரும்பாலும் இந்த வழியாகவே லொறியாக மாறுகிறது. எனவே லொறி வாங்குவது தனிநபர் வியாபாரம் மட்டும் அல்ல. போரினால் சொத்திழந்த ஒரு சமூகம் மீண்டும் சொத்துச் சேர்க்கும் முயற்சியின் ஒரு பகுதி அது. அந்த முயற்சி எங்கே வெல்கிறது, எங்கே இடறுகிறது என்பதைப் பார்ப்பது அவசியம்.

சக்கரங்களை இழந்த கதை

1970 இல் இருந்து 1977 வரை மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாண விவசாயி தலை நிமிர்ந்தான். தோட்டத்தில் உழைத்த பணம் உழவு இயந்திரமாகவும் லொறியாகவும் மாறியது. 1977 இன் திறந்த பொருளாதாரம் அந்த விலையை உடைத்தது. 1983 யூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் வாகனங்களும் எரிந்தன. வெள்ளவத்தையும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் அதற்கு விலக்கல்ல.

அதன்பின் வந்தது தடைகளின் காலம். 1990 களில் எரிபொருளும் பற்றரியும் உதிரிப் பாகங்களும் யாழ் குடாநாட்டுக்குள் வருவது தடுக்கப்பட்டிருந்தது. மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய தலைமுறை எங்களுடையது. 2002 இல் ஏ9 வீதி திறந்தபோது லொறிகள் மீண்டும் ஓடின. ஆனால் இருபுறத்துச் சோதனையும் புலிகளின் வரியும் வாடகையோடு சேர்ந்தே வந்தன. 2006 ஓகஸ்ட் 11 இல் வீதி மறுபடி மூடப்பட்டது. பிறகு மதவாச்சியில் ஒரு லொறியிலிருந்து இறக்கி இன்னொரு லொறியில் ஏற்றிய நாட்களை வவுனியா வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

2008 இலிருந்து 2009 மே வரை வன்னி மக்கள் லொறியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் லான்ட்மாஸ்டரிலும் வீட்டை ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்தார்கள். மன்னாரிலிருந்து கிளிநொச்சி, கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு இடப்பெயர்விலும் சிறிது சிறிதாகச் சாமான்களை விட்டவர்கள், இறுதியில் வாகனத்தையே விட்டுவிட்டு நடந்தார்கள். அந்தக் கடற்கரையிலும் தென்னந்தோப்புகளிலும் துருப்பிடித்துக் கிடந்த வாகனக் குவியல்களின் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது இரும்புக் குவியல் மட்டும் அல்ல. ஒரு மாவட்டத்தின் போக்குவரத்து முதலீடு முழுவதும் அங்கே கிடந்தது.

போர் முடிந்தபின் வீதிகள் போடப்பட்டன. வீதியோடு சேர்ந்து லீசிங் நிறுவனங்களும் வந்தன. கையில் மூலதனம் இல்லாத மக்களுக்குக் கடன் ஒன்றுதான் வழியாக இருந்தது. ஆகவே இன்று வடக்கில் ஓடும் லொறிகளில் எத்தனையோ, ஓட்டுபவனின் வியர்வையில் ஓடினாலும் வேறொருவரின் பெயரில் இருப்பவை.

பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும்

லொறி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. எதை ஏற்றப் போகிறேன், எதை இழுக்கப் போகிறேன், எந்த வீதியில் என்ற மூன்று கேள்விகளே முதலில் வர வேண்டும்.

எங்கள் பகுதிகளில் பெரும்பாலும் காணப்படும் இந்திய லொறிகளின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. ராட்டா நிறுவனத்தின் 1615 என்ற மாதிரியை எடுத்தால், முதல் இரண்டு இலக்கம் மொத்த எடையைச் சொல்கிறது: ஏறத்தாழ 16 தொன். அடுத்த இரண்டு இலக்கம் குதிரைவலுவைச் சொல்கிறது: ஏறத்தாழ 150. 709 என்றால் 7 தொன் அளவு, 90 குதிரைவலு அளவு. மாதிரிக்கு மாதிரி சிறு வேறுபாடு இருந்தாலும் இது நல்ல வழிகாட்டி.

இங்கே பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் ஒரு விடயம் உண்டு. 16 தொன் லொறி என்றால் 16 தொன் ஏற்றலாம் என்று பொருள் அல்ல. லொறியின் சொந்த எடை, பெட்டி, டீசல், சாரதி, உதவியாளர், சரக்கு எல்லாம் சேர்ந்துதான் 16 தொன். வெறும் லொறியும் பெட்டியும் 5 அல்லது 6 தொன் இருந்தால், சரக்குக்கு மிஞ்சுவது 10 தொன் மட்டுமே. வெறுமை எடையும் மொத்த எடையும் பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். வாங்குவதற்கு முன் அந்த இரண்டு எண்களையும் கழித்துப் பார்ப்பதற்கு எந்த நிபுணரும் தேவையில்லை.

எல்ஃப், கன்டர் போன்ற யப்பானிய லொறிகள் யாழ்ப்பாண ஒழுங்கைகளுக்குள் நுழையக் கூடியவை, திரும்பக் கூடியவை, உதிரிப் பாகம் கிடைப்பவை. மரக்கறி, மீன், பலசரக்கு போன்ற வேலைக்கு அவை பொருந்தும். நெல், சீமெந்து, கம்பி என்று கனமான சரக்கோடு நெடுந்தூரம் ஓடுபவருக்கு 16 தொன் வகை பொருந்தும். சின்னதுக்குப் போதுமான வேலையை வைத்துக்கொண்டு பெரியதை வாங்கினால் மாதத் தவணை கொல்லும். பெரியதுக்கான வேலையைச் சின்னதில் செய்தால் ரயரும் ஸ்பிரிங் தகடும் பிரேக்கும் கொல்லும். இரண்டாவது கொலைக்கு உயிரும் பலியாகலாம்.

ஏற்றுவது வேறு, இழுப்பது வேறு

வடக்கு கிழக்கில் இழுவை வேலைக்கு நல்ல தேவை இருக்கிறது. பெரும்போக அறுவடை எல்லா இடத்திலும் ஒரே நாளில் வருவதில்லை. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் அறுவடை தொடங்கும் நாளும், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கும் நாளும், பொலன்னறுவையில் தொடங்கும் நாளும் வேறு வேறு. எனவே அறுவடை இயந்திரங்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் போகின்றன. சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் ஒரு யப்பானிய வகை அறுவடை இயந்திரம் ஏறத்தாழ மூன்று தொன் எடை கொண்டது. அதை ஒரு நடுத்தர லொறியின் பெட்டியிலேயே ஏற்றிவிடலாம். ஆனால் குளம் திருத்தவும் வாய்க்கால் வெட்டவும் வரும் பக்கோ இயந்திரம் ஏழு தொன்னைத் தாண்டும். பெரிய அகழ்வு இயந்திரம் 20 தொன்னைத் தொடும். அதற்குத் தாழ்தள ட்ரெயிலரும் அதை இழுக்கும் உரிய பிரைம் மூவரும் வேண்டும்.

இங்கேதான் ஆசை கணக்கை மீறுகிறது. "எஞ்சின் இழுக்குது தானே" என்பது கராஜ்களில் அடிக்கடி கேட்கும் வாதம். சமதரையில் ஒரு நடுத்தர லொறி தன் அளவை மீறிய சுமையைக்கூட மெதுவாக இழுத்துவிடும். கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரை பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. அதனால் பிழை வெளியே தெரிவதில்லை. அதே லொறி தம்புள்ளை தாண்டி மாத்தளை, கண்டிப் பக்கம் போகும்போதோ, பண்டாரவளையிலிருந்து மரக்கறியோடு இறங்கும்போதோதான் உண்மை வெளிப்படும். கேள்வி எஞ்சின் இழுக்குமா என்பது அல்ல, பிரேக் நிறுத்துமா என்பதே.

வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்கு வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். சுமை இரண்டு மடங்கானால் அதுவும் இரண்டு மடங்காகும். இந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. நீண்ட இறக்கத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதனால்தான் பழைய சாரதிமார் ஏறும் கியரிலேயே இறங்கு என்பார்கள். ட்ரெயிலர் இழுப்பதானால் ட்ரெயிலருக்கும் தனியே பிரேக் இருக்க வேண்டும். அது லொறியின் காற்றுப் பிரேக்கோடு இணைந்திருக்க வேண்டும். இணைப்புக் குழாய் அறுந்தால் ட்ரெயிலர் தானாக நின்றுவிடும்படி அமைந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பிரேக் மட்டும் உள்ள சிறிய லொறியின் பின்னால் கொக்கி ஒட்டவைத்துக் கனமான ட்ரெயிலரை மாட்டுவது பிழைப்பு அல்ல, பந்தயம்.

தயாரிப்பாளர் ஒவ்வொரு வாகனத்துக்கும் இரண்டு வேறு வரம்புகளைத் தருகிறார். ஒன்று லொறியின் மொத்த எடை. மற்றது லொறியும் ட்ரெயிலரும் சரக்கும் எல்லாம் சேர்ந்த கூட்டு எடை. இரண்டாவது எண் கொடுக்கப்படாத லொறி இழுவைக்காகச் செய்யப்பட்டது அல்ல என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. இழுவை லொறியைத் தெரிவு செய்யும்போது குதிரைவலுவைவிட, குறைந்த வேகத்தில் எஞ்சின் தரும் முறுக்கு விசையையும், பின் அச்சின் பற்சக்கர விகிதத்தையும் பார்க்க வேண்டும். மெதுவாக ஓடும் விகிதம் உள்ள லொறி நன்றாக இழுக்கும். ஆனால் ஏ9 இல் வெறுமையாகத் திரும்பும்போது டீசலைத் தின்னும். இரண்டு நன்மையும் ஒரே லொறியில் கிடைக்காது.

சாரதி அனுமதிப்பத்திரமும் இதில் சேரும். மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோவுக்குக் குறைந்த லொறிக்கு சி1 வகுப்பு. அதற்கு மேல் சி வகுப்பு. கனமான ட்ரெயிலர் இணைத்தால் சிஈ வகுப்பு. சி1 வைத்திருக்கும் பிள்ளை ட்ரெயிலரோடு போய் விபத்துக்குள்ளானால், காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அனுமதிப்பத்திரத்தை. இழப்பீடு மறுக்கப்பட்டாலும் லீசிங் தவணை நிற்காது.

புதிதா, பழையதா

ஐந்து வருடம் புதிய வாகனம் வராததால் பழைய லொறிகளின் விலை பொன்னைப் போல உயர்ந்தது. 2022 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியதும் அந்த விலையை மேலும் தள்ளியது. இறக்குமதி திறந்தபின்னும் 18 வீத வற் வரி உட்படப் பல வரிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுவதால், "கதவு திறந்துவிட்டது, விலை விழுந்துவிடும்" என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் தொடங்கிய நாலாண்டு வேலைத்திட்டத்தில் வாகன வரி அரசின் முக்கிய வருமானம். அரசாங்கம் அதை இலகுவில் விட்டுக்கொடுக்காது.

ஆகவே பெரும்பாலானோர் பழையதையே நாடுவர். அதில் கவனிக்க வேண்டியவை சில. சேசியில் வெட்டி ஒட்டிய அடையாளம் இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். நீளம் கூட்டுவதற்காக வெட்டி ஒட்டிய சேசி, சுமை ஏறியதும் ஒட்டிய இடத்திலேயே பேசும். சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பின் அச்சில் எண்ணெய்க் கசிவு, ஸ்பிரிங் தகடுகளில் வெடிப்பு, ரயர் ஒரு பக்கமாகத் தேய்வது ஆகியவை அளவுக்கு மீறிச் சுமந்த லொறியின் வாக்குமூலங்கள். விற்பவர் எஞ்சினைக் கழுவித் தருவார். இந்த வாக்குமூலங்களைக் கழுவ முடியாது.

இன்னொரு விடயம் எரிபொருள். பின்னாளில் வந்த யப்பானிய லொறிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் நுண்ணிய உயரழுத்த எரிபொருள் முறையும் உண்டு. அவை கந்தகம் குறைந்த டீசலுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றுக்குச் சாதாரண ஒட்டோ டீசலைத் தொடர்ந்து ஊற்றினால் வடிகட்டி அடைக்கும், இன்ஜெக்டர் பழுதாகும். சுப்பர் டீசல் விலை கூட. வாங்கும்போது மலிவாகத் தெரிந்த நவீன லொறி, ஓட்டும்போது விலை கூடியதாக மாறுவது இப்படித்தான். உங்கள் ஊரில் எந்த லொறியைத் திருத்தத் தெரிந்த கராஜ் இருக்கிறதோ, அந்த லொறியே உங்களுக்கு நல்ல லொறி என்பது பழைய புத்தி. அது இன்றும் பொருந்தும்.

ஒரே 15 வீதம், இரண்டு கணக்கு

லொறி கைவிட்டுப் போவது பெரும்பாலும் வீதியில் அல்ல, கடதாசியில். ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 60 இலட்சம் ரூபா கடன், ஐந்து வருடம், 15 வீத வட்டி என்று வைத்துக்கொள்வோம்.

குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணக்கிட்டால், மாதத் தவணை ஏறத்தாழ 1 இலட்சத்து 42 ஆயிரத்து 700 ரூபா. ஐந்து வருடத்தில் கட்டுவது ஏறத்தாழ 85 இலட்சத்து 60 ஆயிரம். அதே 15 வீதத்தை நிலையான வட்டியாக, அதாவது முதல் நாள் கடன் முழுவதுக்கும் ஐந்து வருடமும் வட்டி என்று கணக்கிட்டால், மாதத் தவணை 1 இலட்சத்து 75 ஆயிரம். மொத்தம் 1 கோடியே 5 இலட்சம். இரண்டுக்கும் வித்தியாசம் 19 இலட்சத்துக்கு மேல். நிலையான 15 வீதம் என்பது உண்மையில் ஏறத்தாழ 25 வீத வட்டிக்குச் சமம். "எத்தனை வீதம்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுபவர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார். "எந்த மீதிக்கு? மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? முன்கூட்டிக் கட்டி முடித்தால் என்ன கழிப்பீர்கள்? ஒரு தவணை தவறினால் தண்டம் எவ்வளவு?" என்பவை மிச்சப் பாதி. ஒப்பந்தம் உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்று வற்புறுத்துவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இதற்கு மேல் டீசல். யாழ்ப்பாணம் - கொழும்பு போய்வர ஏறத்தாழ 800 கிலோமீற்றர். ஒரு லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு 160 லீற்றர் வேண்டும். 2021 யூலையில் ஒட்டோ டீசல் 111 ரூபாவாக இருந்தபோது அந்தப் பயணத்துக்கான டீசல் 17,760 ரூபா. 2022 யூன் இறுதியில் 460 ரூபாவானபோது அதே பயணத்துக்கு 73,600 ரூபா. 2025 இல் விலை 280 ரூபாவை ஒட்டி நின்றபோது ஏறத்தாழ 44,800 ரூபா.

அந்த 2022 ஐ மறக்க முடியாது. டீசல் வரிசையில் லொறி நாட்கணக்கில் நின்றது. மத்திய வங்கி ஏப்ரலில் ஒரே தடவையில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கிகள் தமது மிகச் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்த வட்டியே அவ்வருட இறுதியில் 25 வீதத்தைத் தாண்டியது. ஓடாத லொறிக்கும் தவணை ஏறிக்கொண்டே போனது. ஒரு தேசத்தின் வங்குரோத்து, ஒரு சாரதியின் முற்றத்தில் வந்து நின்றது.

இதிலிருந்து ஒரு பாடம். மேலே சொன்ன 1 இலட்சத்து 42 ஆயிரம் தவணையை மாதம் எட்டுப் பயணம் ஓடினால் பங்கிட்டால், ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ 17,800 ரூபா. வேலை குறைந்து நாலு பயணமானால் 35,700 ரூபா. எனவே லொறி வாங்குமுன் கணக்கிட வேண்டியது நல்ல மாதத்தை அல்ல. மழை, வெள்ளம், வேலைநிறுத்தம், பழுது எல்லாம் வந்த மோசமான மாதத்தை. அந்த மாதத்திலும் தவணை கட்ட முடியுமானால் வாங்கலாம். ஆறு மாதத் தவணையையாவது கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது, புலம்பெயர்ந்த உறவினர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. பணம் முழுவதையும் பெரிய லொறியில் போடுவதைவிட, சிறிய லொறியும் சேமிப்பும் பாதுகாப்பு.

யாருடைய பெயரில்?

இலங்கையில் வாகனப் பதிவில் இரண்டு உரிமையாளர்கள் இருக்கலாம். ஒருவர் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர், அதாவது ஓட்டுபவர். மற்றவர் முழு உரிமையாளர், அதாவது நிதி நிறுவனம். 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி, குத்தகை முடியும்வரை சொத்து நிறுவனத்துக்கே உரியது. கடைசித் தவணை கட்டியபின் நிறுவனத்தின் பெயரை நீக்கிக்கொள்ளாமல் பலர் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். விற்கப் போகும்போதுதான் அது தெரியவரும்.

எங்கள் சமூகத்தில் இதைவிடக் கனமான ஒரு சிக்கல் உண்டு. கணவனின் பெயரில் இருந்த லொறி, கணவன் காணாமலாக்கப்பட்டவர். இறப்புச் சான்றிதழ் எடுத்தால் பெயர் மாற்றலாம் என்கிறது அலுவலகம். எடுத்தால் தேடுவதைக் கைவிட்டதாகிவிடும் என்கிறது மனம். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதற்கான சான்றிதழைப் பெற வழி செய்தது. அதைக் கொண்டு குடும்பத்தினர் சொத்து அலுவல்களைப் பார்க்கலாம். ஆனால் சட்டம் ஒன்று, கவுண்டரில் இருப்பவரின் அறிவு வேறொன்று. சான்றிதழைக் கண்டு விழிக்கும் அலுவலகங்களுக்குப் பெண்கள் திரும்பத் திரும்ப அலைய வேண்டியுள்ளது. அந்தச் சான்றிதழை வங்கியும் திணைக்களமும் நிதி நிறுவனமும் ஒரே மாதிரி ஏற்கச் செய்வது, எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பெரிய செலவின்றிச் சாதிக்கக்கூடிய காரியம்.

அதேபோல் வெளிநாட்டு அக்காவின் பணத்தில் தம்பியின் பெயரில் லொறி வாங்குவது. கொடுத்தது கடனா, பங்கா, அன்பளிப்பா என்று ஒரு தாளில்கூட எழுதப்படுவதில்லை. லொறி நன்றாக ஓடும்வரை பாசம். நின்றதும் பகை. நொத்தாரிசு முன்னிலையில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுவது உறவை அவமதிப்பது அல்ல, காப்பாற்றுவது.

நாளைய சரக்கு யாருக்கு?

வடக்கின் சரக்குப் பாதையில் ஒரு குறைபாடு இருக்கிறது. கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி வரும் லொறிகள் நிறைந்து வருகின்றன. திரும்பிப் போகும்போது அறுவடைக் காலம் தவிரப் பல லொறிகள் வெறுமை. வாடகைக் கணக்கை உடைப்பது இந்த வெறும் பயணம். 2022 மார்ச்சில் மட்டுவிலில் திறந்துவைக்கப்பட்ட விசேட பொருளாதார மத்திய நிலையம் ஒழுங்காக இயங்கியிருந்தால், தெற்கு நோக்கிய சுமையை ஒரே இடத்தில் சேர்த்திருக்கலாம். கட்டிடம் திறந்ததே தவிர, நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்தது.

இன்னொரு பக்கம் காங்கேசன்துறைத் துறைமுகம். இந்தியாவின் 6 கோடி டொலருக்கு மேற்பட்ட நன்கொடையில் அது புனரமைக்கப்படவுள்ளது. நாகபட்டினத்துக்கான பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது. நாளை அங்கே சரக்குக் கொள்கலன்கள் இறங்கினால், அவற்றை இழுக்கப் பிரைம் மூவர்கள் வேண்டும். 20 அடிக் கொள்கலன் ஒன்று வெறுமையாகவே 2 தொன்னுக்கு மேல். சரக்கோடு 20 தொன்னையும் தாண்டும். அதை இழுக்க வண்டி, ட்ரெயிலர், சிஈ அனுமதிப்பத்திரம் உள்ள சாரதி, மூலதனம் நாலும் தேவை. இன்று அந்த நாலும் கொழும்பைச் சுற்றியே இருக்கின்றன. நாங்கள் ஆயத்தமாகாவிட்டால் எங்கள் துறைமுகத்துச் சரக்கையும் வேறு யாரோ இழுத்துச் செல்வார்கள். நாங்கள் வீதியோரத்தில் நின்று தூசியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தனியொருவர் பிரைம் மூவர் வாங்கிக் கடனில் மூழ்குவதற்குப் பதில், கூட்டாக வாங்கும் வழி எங்களுக்குப் புதிதல்ல. போர்க்காலம் முழுவதும் நிவாரணத்தைப் பங்கிட்டவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள். கடற்றொழிலாளர் சங்கங்கள் இன்றும் இயங்குகின்றன. பத்து லொறி உரிமையாளர்கள் ஒரு தாழ்தள ட்ரெயிலரைக் கூட்டாக வைத்திருக்கலாம். ஒரு சங்கம் அறுவடை இயந்திரங்களின் பயணத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்து, வெறும் பயணத்தைக் குறைக்கலாம். வாடகையைத் தரகர் தீர்மானிப்பதை விட்டுச் சங்கம் பேசலாம். புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளிகள் பலர் கனரக வாகனம் ஓட்டத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு நிதி நிறுவனம் தயங்கும் இடத்தில் சங்கம் பிணை நிற்கலாம்.

மணல் டிப்பரை நம்பிக் கடன் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அனுமதியின்றி ஏற்றிய ஒரு சுமைக்காக வாகனம் நீதிமன்ற வளாகத்தில் நின்றால், அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தவணை ஓடுகிறது. ஆற்றையும் கரையையும் அழித்துச் சம்பாதித்த பணம் கடைசியில் லீசிங் கம்பனிக்கே போய்ச் சேருகிறது. அப்போது எங்களிடம் ஆறும் இருக்காது, டிப்பரும் இருக்காது.

முள்ளிவாய்க்காலில் விட்டுவந்த வாகனங்களுக்குக் கணக்குக் கேட்க நாதியில்லாமல் போனது. அது போர் பறித்த சொத்து. இன்று எங்கள் கையெழுத்தாலேயே பறிபோகும் சொத்துக்கு நாங்களே காவல். அடுத்த முறை ஊரிலிருந்து லொறி பார்க்கச் சொல்லித் தொலைபேசி வந்தால், நிறத்தையும் விலையையும் சொல்வதற்கு முன் மூன்று எண்களைக் கேளுங்கள்: மொத்த எடை எவ்வளவு, மொத்தமாகக் கட்டப்போவது எவ்வளவு, வேலையில்லாத மாதத்துக்குக் கையில் இருப்பது எவ்வளவு. மூன்றுக்கும் விடை இருந்தால் அந்த லொறி ஐந்து வருடத்தின் பின்னும் அந்த வீட்டு முற்றத்தில் நிற்கும்.